வாடை பார்த்து வரிசை

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வந்த நேரம் பார்த்துக் கூப்பிட மாட்டார்கள். வாடை பார்த்துக் கூப்பிடுவார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கச் சேர்ந்த எங்களை இரண்டாம் வருஷம் செய்முறைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பினார்கள். கூடத்து பெஞ்சுகளில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் பெயர் எப்போது வருகிறது என்று சில நாள் கவனித்தாலே போதும், புரிந்துவிடும்.

காலையில் முதலில் உள்ளே போகிறவர்கள், நோய் உடம்புக்குள்ளேயே அடங்கியிருப்பவர்கள். மூளையில் கட்டி, நுரையீரலில் கட்டி, ஆபரேஷன் முடிந்து தழும்பு ஆறிய மார்பு. இஸ்திரி போட்ட சட்டையும் பவுடர் பூசின முகமுமாக வருவார்கள். சிகிச்சை முடிந்து அப்படியே ஆபீஸ் போகிறவர்கள்கூட உண்டு. மதியத்துக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்த பெண்கள். எல்லாருக்கும் பின்னால், சாயங்காலம், புண் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள். அவர்களுக்கென்று படிக்கட்டுக்கு அடியில் தனி பெஞ்சு. பெரிய டாக்டரைக் கேட்டால் தொற்று பரவாமல் இருக்க அந்த ஏற்பாடு என்பார். தொற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலையில் மேஜையைத் துடைக்கிற அதே ஒரு வாளி பினாயில் தண்ணீரால்தான் சாயங்காலமும் துடைத்தார்கள்.

தி. நகர் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஏதோ ஒரு அறக்கட்டளை நடத்திய ஆஸ்பத்திரி அது. பிறகு இழுத்து மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். கோபால்ட் மெஷின் கீழ்த்தளத்தில் இருந்தது. கதிர் வெளியே கசியக் கூடாது என்பதற்காக அந்த அறைக்கு ஒரு ஆள் கை விரித்தாலும் போதாத கனத்தில் சுவர், சன்னல் கிடையாது, கதவு ஈயம் வைத்த இரும்பு. கதிரையே வெளியே விடாத அறை வாடையை எங்கே விடப் போகிறது? ஏ.சி. அதே காற்றைக் குளிர வைத்துத் திரும்பத் திரும்ப முகத்தில் அடிக்கும்.

அந்த வாடையை அழுகின இறைச்சி என்று சொன்னால் பாதி சொன்ன மாதிரிதான். அதற்குள் ஒரு இனிப்பு இருக்கும். அந்த இனிப்பைத்தான் தாங்க முடியாது. மூக்கைப் பொத்தினால் வாய் வழியாக நாக்கில் வந்து உட்காரும். வீட்டுக்கு வந்து குளித்து, தலைக்கு சீயக்காய் போட்டு, சட்டையைத் துவைத்துக் காயப்போட்ட பிறகும், சோற்றைப் பிசையும்போது விரலில் இருக்கும்.

இந்தக் கடைசி வரிசை எனக்கு வந்த கதை சின்னது. பயிற்சிக்குப் போன முதல் நாள், மெஷினுக்குப் பொறுப்பாக இருந்த சீனியர் டெக்னீஷியன் எங்கள் செட்டில் ஒவ்வொருவரையும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். மந்தைவெளிப் பையன் ஒருவன், அடையாறு பெண் ஒருத்தி, மேற்கு மாம்பலத்திலிருந்து இன்னொருத்தி. என் முறை வந்தது.

"பட்டினப்பாக்கம் சார்."

"அப்பா இன்னா பண்றாரு?"

"கடலுக்குப் போறாரு சார்."

"அம்மா?"

"மீன் விக்குது."

சீனியருக்கு லாட்டரி விழுந்த மாதிரி முகம் மலர்ந்தது. "அப்ப உனுக்கு மூக்கு மரத்துப் போய்ட்டிருக்கும் நைனா. நல்லதாப் போச்சு. சாய்ங்கால பேஷண்டுங்க எல்லாம் இனிமே உன் ஆளுங்க. இன்னா, ஓகேவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். சீனியர் சொன்னால் சிரிக்க வேண்டும் என்று நினைத்திருந்த வயசு.

மீன் நாறும் என்று நினைப்பவர்கள் பழைய மீனை மட்டுமே பார்த்தவர்கள். கரைக்கு இறங்குகிற மீனில் உப்புத்தண்ணி வாடைதான் இருக்கும். நாறுகிற மீனை எவனும் வாங்க மாட்டான். என் அம்மா கூடையில் கை வைப்பதற்கு முன்பே எது கெட்டுப் போய்விட்டது என்று மூக்கால் சொல்லிவிடும். அந்த மூக்குதான் எனக்கும். ஆஸ்பத்திரியில் வேலை செய்த யாரைவிடவும் எனக்கு அந்த வாடை முதலில் தெரியும், படிக்கட்டின் மேல்படியிலேயே தெரியும், யாருடைய புண் நேற்றைவிட இன்று மோசம் என்பதுவரை தெரியும். ஆனால் முகம் சுளிக்கிற உரிமை மட்டும் எனக்குக் கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது. மந்தைவெளிப் பையன் சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டால், பாவம், பழக்கமில்லை என்பார்கள். நான் முகத்தைத் திருப்பினால், "அடேங்கப்பா, தொரைக்கு நாறுதாம்" என்பார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் மயிலாப்பூர்க்காரர் வந்தார். கோயில் பக்கத்து சந்து ஒன்றில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். கம்ப்யூட்டர் வந்து மெஷின்களெல்லாம் தூசி படிந்து போனபின் மூடிவிட்டு வீட்டில் இருந்தார். காலம் பூராவும் இடது கன்னத்தில் புகையிலை அடக்கிய வாய். அந்தக் கன்னத்தில் உள்ளே ஆரம்பித்த புற்று வெளியே வந்துவிட்டது. பள்ளிக்கூட டீச்சரான அவர் மகள் தினமும் மதிய வகுப்புகளை யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் அழைத்து வருவார். கன்னத்தில் பஞ்சும் துணியும் வைத்து, அதன் மேல் மயில்கண் கரை அங்கவஸ்திரத்தைச் சுற்றியிருப்பார். நெற்றியில் விபூதி மட்டும் ஒரு நாளும் தவறாது.

அவருக்கு என்ன திட்டம் என்பதைப் பெரிய டாக்டர் எங்கள் முன்னால்தான் மகளிடம் விளக்கினார். அந்த டாக்டர் அம்மாள் சுற்றி வளைத்துப் பேச மாட்டார். "இப்ப இருக்கற சைஸ்ல சர்ஜன் கத்தி வைக்க மாட்டார். கதிர் குடுத்துச் சுருக்கினா, அறுத்து எடுத்துட்டு நெஞ்சுத் தோலைக் கொண்டுவந்து மூடலாம். ஆனா கேப் விடக் கூடாது. ஒரு நாள் விட்டா அது ஒரு நாள் வளரும். சுருங்கலேன்னா அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." மகள் தலையாட்டினார். நான் படித்த பாடமும் அதுதான். வாரத்தில் சனி, ஞாயிறு மெஷின் ஓடாது. அந்த இரண்டு நாளே அதிகம். அதற்கு மேல் விட்டுப்போகிற ஒவ்வொரு நாளும் அந்த மனிதருக்கும் சர்ஜனுக்கும் நடுவே கட்டி எழுப்புகிற சுவரில் இன்னொரு செங்கல்.

முதல் நாள் அவரை மேஜையில் படுக்க வைத்து, முகத்துக்கு வார்த்த பிளாஸ்டிக் மாஸ்க்கைப் பொருத்தப் போனேன். தலை அசையாமல் இருக்க அந்த மாஸ்க்கை மேஜையோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். துணியை எடுத்ததும் உள்ளே இருந்தது தெரிந்தது. அதை எழுதப் போவதில்லை. பல்வரிசையின் பக்கவாட்டு தெரிந்தது என்பது வரை போதும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அவர் மூக்கை உறிஞ்சினார்.

"எந்தப் பக்கம் நீ?" தாடை இறுகிப் போயிருந்ததால் பல்லுக்கு நடுவிலிருந்துதான் பேச்சு வந்தது.

"பட்டினப்பாக்கம் சார்."

"அதான்." முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினார். "குளிச்சுட்டுத்தானே வந்தே?"

பின்னால் நின்ற மகள், "அப்பா, சித்த சும்மா இருங்கோ" என்றார். என்னைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதேப்பா" என்றார்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த அறையில் என்மேல் அடித்தது லைஃபாய் சோப்பா, துவைத்த கோட்டில் கஞ்சியா, எதுவாகவும் இருக்கட்டும். அவருடைய கன்னத்திலிருந்து வந்ததோடு அதை ஒப்பிட ஒரு மனிதனுக்கு எவ்வளவு திமிர் வேண்டும். மாஸ்க்கைப் பூட்டினேன். வெளிச்சக் கோடுகளை மாஸ்க்கில் வரைந்த கோடுகளோடு சேர்த்தேன். வெளியே வந்து இரும்புக் கதவை மூடினோம். சீனியர் சாவியைத் திருப்பினார். கோபால்ட் பழசாகிவிட்டதால் ஒவ்வொரு பக்கமும் நிமிடக் கணக்கில் ஓட வேண்டியிருந்தது. சின்னத் திரையில் அவர் அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்து மாஸ்க்கைக் கழுவுவதும் என் வேலைதான். உட்பக்கம் கன்னம் படுகிற இடத்தில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் காய்ந்து ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால்தான் வரும். கையுறை ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான், அதுவும் டாக்டருக்கு. நான் பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு சுரண்டுவேன். கழுவுகிற தொட்டியின் வடிகட்டியில் ஈ மொய்க்கும்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் அம்மா வஞ்சிரத் தலையைப் போட்டுக் குழம்பு வைத்திருந்தது. விற்காமல் எனக்காக எடுத்து வைத்த தலை. தட்டில் போட்டதும் எழுந்து போய் வாசலில் வாந்தி எடுத்தேன்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. வேணாம்."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டது. மூடி போட்டு அடுப்போரம் வைத்தது. பிறகு, "படிச்சிட்டல்ல. இனிமே நாங்க துன்றது உனுக்கு நாறத்தான் செய்யும்" என்றது. அப்படி இல்லை என்று சொல்ல வேண்டுமானால் எதனால் என்றும் சொல்ல வேண்டும். சோற்றுத் தட்டுக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாது. சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு மட்டும் தனியாக ரசம் வைத்தது.

டிரெஸ்ஸிங் அறையில் இருந்த சிஸ்டரிடம் ஒரு நாள் இதைப் புலம்பினேன். சாந்தோம் கோயில் பங்கைச் சேர்ந்தவர், கடுகடு என்று இருப்பார். "வாடைக்கு ஒரு வழி இருக்கு, டாக்டரக் கேட்டு எழுதி வாங்கிட்டு வா" என்றார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாத்திரைதான். அதை இடித்துத் தூளாக்கிப் புண்ணில் தூவினால், வாடையைக் கிளப்புகிற கிருமி செத்துவிடுமாம். பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தார். தினமும் மெஷினுக்குப் போகும் முன் சிஸ்டர் தூவிவிட, ஒரு வாரத்துக்குள் எனக்கே நம்ப முடியவில்லை. வாடை பாதிக்குக் கீழே வந்துவிட்டது. மகள் ஆட்டோவில் வெளிப்பக்கமாக முகத்தை வைத்துக்கொள்ளாமல் வருவதாகச் சொன்னார்.

நான் சீனியரிடம் போனேன். "சார், மயிலாப்பூர்க்காரருக்கு இப்ப அவ்வளவா வாடை இல்ல சார். காலையில போட்டுடலாமா? மேடத்துக்கு ஸ்கூலு போவணும்."

சீனியர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. "அவரு சாய்ங்கால பேஷண்ட்டுபா."

"வாடைக்காகத்தானே சார் சாயங்காலம் வெச்சோம்."

"தம்பி, சாய்ங்கால பேஷண்ட்னா சாய்ங்கால பேஷண்ட். சொம்மா கலாட்டா பண்ணாத."

அப்போதுதான் எனக்கு உண்மையில் குமட்டியது. புண்ணின் வாடைக்காவது மாத்திரை இருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டதும் கரண்ட் போக ஆரம்பித்தது. ஜெனரேட்டர் விளக்குக்கும் விசிறிக்கும்தான் தாங்கும், மெஷினுக்குத் தாங்காது. காலையில் ஒரு மணி நேரம் நின்றால், அந்த ஒரு மணி நேரம் வரிசையின் கடைசியில் போய் விழும். காலை ஆட்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருந்தவர்கள்தான் திரும்பிப் போனார்கள். சீனியர் அந்தப் பக்கம் போகவே மாட்டார். படியில் நின்றபடியே சொல்லுவார். "டைம் ஆய்டுச்சு பெரியவரே, நாளைக்கி வாங்க." சில நாள் கரண்ட் வந்த பிறகும் சொன்னார். வீட்டுக்குப் போக மின்சார ரயில் பிடிக்க வேண்டும் அவருக்கு. மயிலாப்பூர்க்காரர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பார். மகள் மழையில் ஆட்டோ தேடுவார். ஒரு வெள்ளிக்கிழமை அப்படிப் போனவர் செவ்வாய்க்கிழமைதான் மேஜையில் படுத்தார். மாஸ்க் பூட்டும்போது இடது பக்கம் இறுகியது. முன்பு தளர ஆரம்பித்திருந்த இடம் அது. கட்டி திரும்ப எழுந்திருக்கிறது என்பது என் கைக்குத் தெரிந்தது.

அந்த வாரம் ரிவ்யூ. பெரிய டாக்டர் துணியை விலக்கி, விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். முகம் கறுத்தது.

"சுருங்கிண்டு வந்துதே. ஏன் இப்படி நிக்கறது?" சீனியரைத் திரும்பிப் பார்த்தார். "எத்தனை நாள் விட்டுப்போச்சு?"

"பேஷண்ட் ஒழுங்கா வர்றதில்ல டாக்டர்" என்றார் சீனியர். கொஞ்சமும் தயங்கவில்லை. "மழையில்ல. வயசானவரு."

மகள் அன்று பள்ளியில் பரீட்சை என்று வரவில்லை. ஒரு பக்கத்து வீட்டுக்காரர்தான் அழைத்து வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். மயிலாப்பூர்க்காரர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். தாடை ஒரு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. பல்லுக்கு நடுவில் எச்சிலும் சீழுமாக வழிந்ததே தவிர சொல் வரவில்லை. டாக்டர் பஞ்சை நீட்டினார். அவர் பஞ்சைத் தள்ளிவிட்டு மறுபடியும் முயன்றார்.

"டெய்லி வந்தாரு டாக்டர்" என்றேன் நான். "இவங்கதான் திருப்பி அனுப்புனாங்க."

பெரிய டாக்டர் என்னையும் சீனியரையும் ஒரு தரம் பார்த்தார். விசாரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "எப்படியோ மேனேஜ் பண்ணுங்கோ. இனிமே கேப் வரப்படாது. இன்னும் ஒரு தடவை இப்படி நின்னா சர்ஜனுக்கு நான் காமிக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தெரியாதா என்ன. அவரும் அந்தப் படிக்கட்டில்தான் ஏறி இறங்கினார், அந்த இடம் வரும்போது சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு.

வெளியே வந்ததும் சீனியர் என்னை ஓரமாக இழுத்தார். "இன்னா நைனா, பெரிய அரிச்சந்திரனா நீ? உன் பிராக்டிகல் மார்க்கு எவன் போடறான் தெர்மா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சிகினே பேசற."

"சார், நான் ஒண்ணு சொல்றேன். கோச்சுக்காதீங்க. இனிமே சாயங்காலம் அவரையும் அந்த பெஞ்சில இருக்கறவங்களையும் நான் தொட மாட்டேன். எனக்கு நாறுது."

சீனியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனுக்கா? மீன்கார வூட்ல பொறந்துட்டு?"

"ஆமா சார். உங்களுக்கு எவ்ளோ நாறுதோ எனக்கும் அவ்ளோ நாறுது. காலையில மொதல் ஆளா கூப்டுங்க, நான் படுக்க வெக்கிறேன், மாஸ்க்கு கழுவுறேன், மேஜை தொடைக்கிறேன், எல்லாம் பண்றேன். சாயங்காலம்னா நீங்களே பண்ணிக்குங்க."

இதை நான் யோசித்து வைத்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அதிலிருந்த பிடி தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அவர்களைத் தொட என்னைத் தவிர ஆள் கிடையாது. என்னை அந்த பெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டு எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். கட்டுக்குள் இருப்பவன் அதை அவிழ்த்துக்கொண்டும் போகலாம் என்று எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சீனியர் மந்தைவெளிப் பையனை அனுப்பினார். அவன் நல்லவன், மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. மயிலாப்பூர்க்காரரின் துணியை விலக்கியவன் அப்படியே மாஸ்க் கழுவுகிற தொட்டிக்கு ஓடினான். வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "மச்சி, எப்படிடா தெனம் பண்ண?" என்று கேட்டான். "ஏண்டா ஒரு நாளும் சொல்லல?" அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். மிச்சத்தைச் சீனியர்தான் செய்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார், உள்ளே அவர் இருமுகிறது திரையில் தெரிந்தது. மாஸ்க்கை மேஜையோடு பூட்டுகிற ஒரு பக்கத்துத் திருகை அவசரத்தில் விட்டுவிட்டு வந்தார். நான் போய்ப் பூட்டிவிட்டு வந்தேன். அதற்கு மட்டும் போனேன்.

மறுநாள் காலை, கூடம் நிரம்பியிருக்கும்போது, சீனியர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கூப்டு உன் ஆள."

சீனியர் இன்னொரு சாயங்காலம் தாங்க மாட்டார் என்ற நம்பிக்கையில், காலையிலேயே வரும்படி மயிலாப்பூர்க்காரருக்கு முந்தின இரவே நான் அவர்கள் தெருமுனை பப்ளிக் டெலிஃபோன்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். மகளோடு வந்து படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தபோது கூடமே விலகியது. தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் வீட்டு அம்மா ஒருத்தி, நெஞ்சில் தழும்பு ஆறியவர், தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவங்க படுத்த மேஜையில நாங்க படுக்கணுமா? யாரைக் கேட்டு இப்படிப் பண்றீங்க?" என்றார். இன்னொருவர், "வழக்கமா சாயங்காலம்தானே இவங்கள்லாம்" என்றார். இவங்கள்லாம். எல்லாருக்கும் ஒரே நோய். ஒருவருக்கு உள்ளே, ஒருவருக்கு வெளியே. அவ்வளவுதான் வித்தியாசம். அதை வைத்து இந்த மனிதர்கள் ஒரு மேல்படி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தொடைச்சுட்டுத்தான்மா கூப்பிடுவேன்" என்றேன். துடைத்தேன். மேஜையை மூன்று தரம், அவர் கண்ணெதிரில். அப்படியும் அந்த அம்மா வீட்டிலிருந்து ஒரு போர்வை கொண்டுவந்து விரித்துத்தான் படுத்தார். அடுத்த நாளும் கொண்டுவந்தார். புகார் பெரிய டாக்டர் வரை போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, முன்பு சொல்லாத மாதிரியே. சீனியர் சாயங்கால ரயிலைச் சீக்கிரம் பிடிக்க முடிகிறது என்று தெரிந்ததும் சும்மா இருந்துவிட்டார். படிக்கட்டுக்கு அடியில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் காலைக்கு வந்தார்கள். என் பிராக்டிகல் மார்க்கு பாஸுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது.

மயிலாப்பூர்க்காரருக்கு அதற்குப் பிறகு ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. கரண்ட் போனால்கூட மதியத்துக்குள் வந்துவிடும். மாஸ்க் இடது பக்கம் தளர்ந்தது. பஞ்சு அடைத்துப் பொருத்த வேண்டியிருந்தது. கட்டி கரையக் கரைய, அது இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. அதுதான் கணக்கு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கன்னத்தின் முழுக் கனத்தையும் தின்றுவிட்ட கட்டி போனால், அங்கே கன்னம் இருக்காது. சிகிச்சை சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளமே அந்த ஓட்டைதான். வெளியிலிருந்து நாக்கு தெரிந்தது. அதைப் பார்த்துக் குமட்டாமல் இருக்க நான் கற்றுக்கொள்ளவே இல்லை. இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை.

என்னிடம் அவர் ஒரு நாளும் நன்றியாகப் பேசினதில்லை. காலையில் முதல் ஆளாகப் படுக்கும்போதும் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். தாடை கொஞ்சம் திறக்க ஆரம்பித்ததும், "இன்னிக்கு என்ன, கருவாடா?" என்று கேட்டார். நான் ரசம் சாப்பிட்டு வந்திருந்தேன்.

சிகிச்சை முடிந்த பிறகு ஒரு நாள் சர்ஜன் வந்து பார்த்தார். விரலை ஓட்டைக்குள் விட்டு ஓரங்களைத் தடவினார். நெஞ்சுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "பண்ணலாம். திங்கக்கிழமை அட்மிட் ஆகட்டும்" என்றார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூடத்தில் அவர் உட்கார்ந்ததும் காபி கேட்டார். மகள் ஃபிளாஸ்க்கிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். முதல் வாய் கன்னம் வழியாக வெளியே வந்து வேட்டியில் விழுந்தது. காபி நிறத்தோடு வேறு ஒரு நிறமும் சேர்ந்திருந்தது. அவர் துண்டை மடித்து ஓட்டையின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, தலையை வலப்பக்கம் சாய்த்து மறுபடியும் குடித்தார். இந்தத் தடவை உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியது. டம்ளர் காலியாகும்வரை அப்படியே குடித்தார்.

மகள் என்னைக் கூப்பிட்டு, அதே டம்ளரைக் கழுவி, "நீயும் ஒரு வாய் சாப்பிடுப்பா, நம்மாத்துக் காபி" என்று ஊற்றப் போனார்.

"அதுல வேண்டாம்" என்றார் அவர் பல்லுக்கு நடுவிலிருந்து. "ஆத்து டம்ளர். அவனுக்குக் கேண்டீன்ல வாங்கிக் குடு."

மகள் முகம் செத்துவிட்டது. அவருக்கு என் வாய் ஆகவில்லை. எனக்கு அவர் வாய் ஆகவில்லை. அவர் சொல்லும்வரை, அந்த டம்ளரை எப்படி மறுப்பது என்று நானே திண்டாடிக்கொண்டிருந்தேன்.

"வேணாங்க மேடம், நான் இப்பதான் குடிச்சேன்" என்றேன். அவரிடம், "திங்கக்கிழமை வெறும் வயித்தோட வரணும் சார். மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனேன்.